கெமிஸ்ட்ரி டீச்சர் ஏசி கழுவிய கதை

எனக்கு வேதியியல் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. காவல் நிலையத்துக் காகிதம் ஒன்றில் என் கையெழுத்தோடு அப்படித்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான் என்பது அதற்கு முந்தைய வரி. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கிற யாரும் ஒரு நிமிடம் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். அந்தப் பார்வைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில். என் கணவர் செந்தில் போர்வெல் ரிக் வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் வெளிமாநிலத்தில் இருப்பவர். ஒரு வருடம் தொழில் நன்றாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் என்னைச் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனார். நான் சேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரைக்குள்ளேயே பதித்த சதுரமான ஏசி, நாலு பக்கமும் நாலு வாய். "கலை, நம்மூட்டு ஹாலுக்கு இதாம் புள்ள" என்றார். வீட்டுக்குச் சுவரில் மாட்டுகிற ஏசியே போதும் என்று விற்கிறவரே சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. ஹாலுக்குப் பொய்க்கூரை போட்டு, நட்டநடுவில் அதைப் பதித்தோம். பார்க்க வந்த ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே போனார்கள்.

இதைக் கழுவுவது எப்படி என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சுவர் ஏசி என்றால் நாற்காலி மேல் ஏறி மூடியைத் திறந்து ஃபில்டரை உருவிவிடலாம். இதற்கு ஏணி வேண்டும். தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருகாணி கழற்ற வேண்டும். கழற்றினால் மூன்று வருட அழுக்கு நேராகக் கண்ணில் விழும். ஆகவே மூன்று வருடம் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

என் மாமியார் பாவாயம்மாளுக்கு அப்போது அறுபத்தேழு வயது. முப்பது வருடம் விறகடுப்புப் புகையை விழுங்கியதில் நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. நாளுக்கு நாலு தடவை இன்ஹேலர் உறிஞ்சுவார். அந்தக் கோடையில் அவருடைய அறை அடுப்பாகக் கொதித்தது. "பெரியம்மாவைக் குளிர்ச்சியான இடத்துல வையுங்க" என்று திருச்செங்கோட்டு டாக்டர் சொன்னார். வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய கட்டிலைத் தூக்கி ஹாலின் நடுவில், ஏசிக்கு நேர் கீழே போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் காபி போடப் போனேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார். "நடு ஊட்ல கொண்டாந்து போட்டுட்டா. இனி தலமாட்டுல வெளக்கு ஏத்தி வெச்சா வேலை முடிஞ்சுது" என்றார்.

அதோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் டிவியைப் பார்த்துச் சொல்வார். "காலைலிருந்து ஒரு மனுசிக்குச் சுடுதண்ணி வெக்க ஆளில்ல" என்று செய்தி வாசிக்கிற பெண்ணிடம் முறையிடுவார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. சுடுதண்ணீரைக் கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். (எங்கள் தெரு முழுக்க இது தெரியும். பின்னால் இந்த விவரம் எனக்கு எவ்வளவு பாதகமாக வந்து நின்றது என்பதைச் சொல்கிறேன்.)

குளிர்ச்சியில் போட்ட பிறகும் இருமல் குறையவில்லை. கூடியது. மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் கேட்டார்: "ஏசி கடைசியா எப்ப சுத்தம் பண்ணுனீங்க?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"உள்ள பூஞ்சை புடிச்சிருந்தா அதைத்தான் அவங்க ராத்திரி பகலா சுவாசிக்கிறாங்க. டீச்சருங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

ஏசி மெக்கானிக்குக்கு போன் செய்தேன். சீசனுங்க, பத்து நாள் ஆகுங்க என்றார். சரி, பத்து நாள்தானே என்று இருந்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் என் நங்கையா போனில் கூப்பிட்டார். (கணவனின் அக்காவை நாங்கள் நங்கையா என்போம். பெயர் தனலட்சுமி, நாமகிரிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர்.) மகளிடம் மாமியார் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

"எங்கூட்டு டீச்சரம்மாவுக்கு ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்லத் தெரியும். ஒரு ஏசியக் கழுவ ஆளத் தேடிட்டுத் திரியறாங்க."

நான் அடுப்பை அணைத்தேன். நாளைக்கு நானே கழுவுகிறேன் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையின் மோசமான முடிவுகள் எல்லாம் அடுப்படியில் நின்று வேறு யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்டு எடுத்தவைதான்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் மகள் கோடை விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்கு, சூரமங்கலத்துக்குப் போயிருந்தாள். காலையில் மூன்று வீடியோ பார்த்தேன். மூன்றிலும் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் முடித்தார். மாமியாரிடம் நேராகச் சொல்ல முடியாதே. அதனால் டிவியைப் பார்த்து, "இன்னிக்கு ஏசி கழுவறாங்க, ஹால்ல யாரும் இருக்கக்கூடாது" என்று அறிவித்தேன். அவரும் டிவியைப் பார்த்து, "கழுவட்டும், கழுவட்டும்" என்றார். பிறகு இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்வாசல் வேப்பமரத்தடிக்கு நாற்காலியை இழுத்துப்போய் உட்கார்ந்துகொண்டார்.

மெயின் சுவிட்சை அணைத்தேன். தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்தேன். தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமிருந்த முகக்கவசம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, நைட்டிக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மூடியைத் திறந்ததும் ஃபில்டர் என் கைக்கு வரவில்லை, முகத்துக்கு வந்தது. அது ஃபில்டரே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. அதற்கு மேலே பார்த்தால், தண்ணீர் தேங்குகிற தட்டில் கருப்பாக, வழவழவென்று, தவளை முட்டை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. இரண்டு மாதமாக அந்த அம்மாவை இதற்குக் கீழே படுக்க வைத்திருக்கிறேன்.

பூஞ்சையைக் கொல்ல எது நல்லது? தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் ஒரு டப்பா இருந்தது. கெட்டியாகக் கரைத்து, செடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலில் ஊற்றி, உள்ளே மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். அது வழிந்து தட்டில் இறங்கியது. தட்டிலிருந்து குழாய் வழியாக வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. குழாய் வழவழப்பில் அடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஊறட்டும், தானாகக் கரைந்து போய்விடும் என்று விட்டுவிட்டு, சமையலுக்குப் போனேன். சாப்பிட்டேன். சாப்பிட்டதில் அதை மறந்தேன்.

மத்தியானம் மறுபடி ஏறினேன். கருப்பு வெளுத்திருந்தது. ஆனால் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் வெள்ளையாக உப்பு மாதிரி பூத்திருந்தது. உப்பென்றால் எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாத்ரூம் தரையில் படிகிற அந்த வெள்ளையைப் போக்க எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் ஆசிட் இருக்கும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்தேன். அதே பாட்டிலில் ஊற்றினேன். தகடுகள் மேல் தாராளமாக அடித்தேன்.

படிக்கிற உங்களில் வேதியியல் தெரிந்தவர்கள் இந்நேரம் எழுந்து நின்றிருப்பீர்கள். உட்காருங்கள். என் தரப்பையும் கேளுங்கள். நான் தமிழ்வழியில் பாடம் நடத்துகிறவள். புத்தகத்தில் அது சலவைத்தூள். சலவைத்தூளோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். பசுமஞ்சள் நிறம், மூச்சைத் திணறடிக்கும் நெடி, காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டில் சலவைத்தூள் என்று எதுவும் கிடையாது, பிளீச்சிங் பவுடர்தான் இருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கிடையாது, ஆசிட்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து அறிவை நான் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சாக்பீஸ் தூளோடு அதையும் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

முகக்கவசத்துக்குள் இருந்ததால் முதலில் நெடி தெரியவில்லை. கண் எரிந்தது. தூசி என்று நினைத்தேன். அவசரமாக மூடியைச் சாத்தி, இறங்கி, உள்ளே ஈரம் காயட்டும் என்று மெயின் சுவிட்சைப் போட்டேன். வீடியோவில் அந்த ஆள் கடைசியாகச் சொன்னது அதுதான்: பதினைந்து நிமிடம் ஃபேனை மட்டும் ஓட விடுங்க. ஏசிக்கு நேர் கீழே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அழுத்தினேன்.

நாலு வாயும் மெதுவாகத் திறந்தன. நச்சுவாயுவை ஒரு ஹாலின் நாலு பக்கத்துக்கும் சமமாகப் பரப்புவதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. முதல் மூச்சில், நீச்சல் குளத்து வாசம் மாதிரி இருக்கிறதே, நன்றாகத்தான் சுத்தமாகியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டையில் யாரோ மிளகாய்த்தூளும் கத்தியும் சேர்த்துச் செருகியது மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. அப்போதும் வாசலைப் பார்த்து ஓடவில்லை. மெயின் சுவிட்சை அணைக்க ஓடினேன். ஈரப் பிளாஸ்டிக் தாளில் கால் வழுக்கி, ஏணியையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தேன். குளோரின் காற்றைவிடக் கனமானது என்று சொன்னேனல்லவா? அது தரையில்தான் இருக்கும். நானும் தரையில்தான் கிடந்தேன்.

எழ முடியவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதற்கு மேல் மார்பு ஒத்துழைக்கவில்லை. அந்த நொடியில் எனக்கு மகள் முகம் வந்தது. ஸ்கூல் யூனிஃபார்ம் இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை என்பதும் வந்தது. சாகப் போகிறவளுக்கு இப்படித்தான் தோன்றுமா என்றுகூட யோசித்தேன். பிறகு யோசிக்கவும் முடியவில்லை.

அப்போது என் பின்னலை யாரோ பிடித்தார்கள்.

ஏணி விழுந்த சத்தம் கேட்டு மாமியார் உள்ளே வந்திருக்கிறார். அடுப்படி வரும்போதே நெடி அடித்திருக்கும். பத்தடி நடந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மனுசி, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்து, குனிந்து, கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தார். அகப்பட்டது என் முடி. பதிமூன்று வருட மருமகள் வாழ்க்கையில் மாமியார் என் தலைமுடியைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான். நான் முட்டி போட்டுத் தவழ, அவர் இழுக்க, அடுப்படி தாண்டிப் பின்வாசல் படியில் இரண்டு பேரும் உருண்டோம்.

வெளியே வந்ததும் நான் இருமினேன். வாந்தி எடுத்தேன். இருமினால் பிழைத்துக்கொண்டேன் என்று அர்த்தம். அவர் இருமவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். காற்று உள்ளே போகிற சத்தமே இல்லை. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி ஆகிவிட்டது.

"அத்தை! அத்தை!" என்று கத்தினேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவரை நேராகக் கூப்பிட்டேன். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். உறிஞ்ச அவருக்குத் தெம்பில்லை. எதிர்வீட்டு முருகேசண்ணன் என் கத்தலைக் கேட்டு ஓடிவந்து, காரை எடுத்தார். திருச்செங்கோடு போகிற வரைக்கும் அத்தையின் தலை என் மடியில் இருந்தது. கை என் கையைப் பிடித்திருந்தது. பிடி வரவர இளகுவது எனக்குத் தெரிந்தது. நான் அதை விடாமல் இறுக்கிக்கொண்டே போனேன், அதை இறுக்கி வைத்தால் உயிரையும் இறுக்கி வைக்கலாம் என்பது மாதிரி.

மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். எனக்கும் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, கண்ணைக் கழுவி விட்டார்கள். "என்ன ஆச்சுங்க?" என்று பயிற்சி டாக்டர் கேட்டார். பிளீச்சிங் பவுடர், ஆசிட் என்று சொன்னேன். எழுதிக்கொண்டே, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். பேனா நின்றது. முன்பு சொன்னேனே ஒரு பார்வை, அதன் முதல் தவணை அங்கே கிடைத்தது.

விஷவாயு கேஸ் என்பதால் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றார்கள். அதற்குள் ஊருக்குத் தகவல் போய்விட்டது. சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரம்பரை வந்து குவிந்தது. எதிரெதிராக இரண்டு வரிசை நாற்காலிகள். ஒரு வரிசையில் பதினொரு பேர். இன்னொரு வரிசையில் நான் மட்டும். அவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

"ரெண்டு மாசமாப் பேச்சுவார்த்தை இல்லையாம்."

"எதைக் கலந்தா என்ன வரும்னு தெரிஞ்ச புள்ளைங்க. அதுக்குத்தான் சம்பளமே வாங்குது."

நங்கையா வந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. நேராக என் முன்னால் வந்து நின்றார். "எங்கம்மாளுக்கு என்னத்தப் போட்டே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவங்கதான் என்னை இழுத்துப் போட்டுக் காப்பாத்துனாங்க என்றேன். குரல் எழும்பவில்லை, கீச்சுக்கீச்சென்று வந்தது. "பாருங்க, காப்பாத்துன மனுசிக்கு இந்தக் கதி" என்றார் ஒருவர். நான் எதைச் சொன்னாலும் அது எனக்கு எதிராகவே போய் நின்றது.

செந்தில் சத்தீஸ்கரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். போனில், "எங்கம்மா பொழைக்குமா கலை?" என்று மட்டும் கேட்டார். என்ன கலந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றை யோசித்தேன். இதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு மாதத்தில், அவர் இல்லாத வீட்டை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லையா? பார்த்திருந்தேன். ஹாலில் கட்டில் இல்லாமல், டிவி சத்தம் இல்லாமல், அமைதியாக, நன்றாகத்தான் இருந்தது அந்தக் கற்பனை. அதை நினைத்தவளும் தட்டில் பிளீச்சிங் தண்ணீர் தேங்கியிருப்பதை மறந்தவளும் ஒரே ஆள்தானே? எதிர் வரிசையில் இருக்கிறவர்கள் சொல்வது முழுப்பொய் என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக மானிட்டரில் பச்சைக்கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, பிழைத்துக்கொள்ளுங்கள் அத்தை, டிவியைப் பார்த்தாவது திட்டுங்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள். நடுவயதில் ஒரு ஏட்டு, கூடவே எழுதுவதற்கு ஒரு பெண் காவலர். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் விறைப்பாக எழுந்து நின்று, "குட்மார்னிங் டீச்சர்" என்றாள்.

எனக்கு அந்த மருத்துவமனையின் தரை திறக்கக்கூடாதா என்று இருந்தது.

"ரேவதிங்க டீச்சர். மூணாவது பெஞ்சு. குளோரின் தயாரிக்கற முறையை எனக்கு இருபது தடவை இம்போசிஷன் குடுத்தீங்களே."

"அப்படிங்களா?" என்றார் ஏட்டு, முதல்முறையாக ஆர்வத்தோடு.

வாக்குமூலம் ஆரம்பித்தது. நான் சொல்லச் சொல்ல ரேவதி எழுதினாள். ஆசிட் வரைக்கும் வந்ததும் நிமிர்ந்து, தயக்கத்தோடு, "டீச்சர், இது ரெண்டும் சேர்ந்தா..." என்றாள். "தெரியும்மா" என்றேன். அவள் ஏட்டைப் பார்த்தாள். ஏட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்தா விஷவாயு வரும்னு உங்களுக்குத் தெரியுங்களா, தெரியாதுங்களா?"

"தெரியுங்க. பாடத்துல இருக்குது. ஆனா அந்த நேரத்துல..."

"அந்த நேரமெல்லாம் எழுத முடியாதுங்க. தெரிஞ்சு பண்ணுனதுன்னா அது வேற செக்‌ஷன். தெரியாமப் பண்ணுனதுன்னா அது வேற. எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

பன்னிரண்டு வருடத்து வேலையும் பட்டமும் ஒரு பக்கம், ஜெயில் ஒரு பக்கம். என் மாணவி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள். வகுப்பில் என் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவள் விழித்த விழிப்பெல்லாம் இப்போது என் கண்ணில் இருந்தது.

"தெரியாதுங்க" என்றேன்.

ரேவதி எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள்: "மேற்படி நான் வேதியியல் ஆசிரியையாகப் பணிபுரிந்து வந்தபோதிலும், மேற்படி இரு பொருட்களும் ஒன்று சேர்ந்தால் விஷவாயு உண்டாகும் என்ற விவரம் எனக்குத் தெரியாது." கையெழுத்துப் போட்டேன். "ஸ்பெல்லிங் எல்லாம் சரிங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

மாமியாரிடம் வாக்குமூலம் வாங்க மூன்றாம் நாள்தான் டாக்டர் அனுமதித்தார். அதற்குள் செந்தில் வந்துவிட்டார். ஆக்சிஜன் மாஸ்க்கோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மாமியார். முகம் பாதியாகிப் போயிருந்தது. நங்கையா தலைமாட்டில் நின்றார். நான் வாசலோரம் நின்றேன்.

"பெரியம்மா," என்றார் ஏட்டு, "உங்க மருமக மேல உங்களுக்கு ஏதாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா? யாருக்கும் பயப்படாமச் சொல்லுங்க."

அவர் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு மாஸ்க்கை விலக்கினார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"பதிமூணு வருசமா இந்தப் புள்ள எங்கூட்ல இருக்குது சாமி. ஒரு வேலையக் கையில எடுத்து, அதை முழுசா முடிச்சு நான் பாத்ததில்ல. பருப்பு வெச்சா அரைவேக்காடு. துணி நனைச்சா ரெண்டு நாளைக்கு பக்கெட்டுலயே கெடக்கும். இவ என்னையக் கொல்லோணும்னு நெனச்சா, நான் எதுக்குங்க பயப்படோணும்? நூறு வயசு இருப்பேன்."

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. செந்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஏட்டு தொண்டையைச் செருமி, "இதை அப்படியே எழுத முடியாதுங்க பெரியம்மா" என்றார்.

"அப்பறம் எதுக்குக் கேட்டீங்க?" என்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்.

"என் மருமகள் மீது எனக்கு எவ்விதச் சந்தேகமும் இல்லை" என்று எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் வந்தது, இருமலும் வந்தது, மூன்றும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கொஞ்ச நேரம் கழித்து நங்கையா எதிர் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒருநாள், யாரும் இல்லாதபோது கேட்டேன். "அத்தை, அந்த நெடியிலே எதுக்கு உள்ள வந்தீங்க?"

"நீ உள்ள கெடந்தியே" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

பிழைத்தார். ஆனால் முழுசாக அல்ல. ஏற்கனவே பாதியாக இருந்த நுரையீரலில் இன்னும் ஒரு பங்கு அன்றைக்குப் போய்விட்டது. இப்போது நாளில் பதினான்கு மணி நேரம் ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறார். குரலும் கரகரத்துப் போய்விட்டது. அந்த மெஷின் உறுமுகிற ஒவ்வொரு முறையும் நான் செய்தது எனக்குக் கேட்கும். அதில் நகைச்சுவை எதுவும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஏசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னபடி பத்தாவது நாள் மெக்கானிக் வந்தார். ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, அப்படியே குனிந்து எங்களைப் பார்த்தார். "யாருங்க இதுல ஆசிட் ஊத்துனது?" என்று கேட்டார். ஹாலில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே தகடெல்லாம் அரித்து, கேஸ் முழுக்கப் போய்விட்டிருந்தது. கழற்றி எடுத்தார்கள். அந்தச் சதுர ஓட்டையைப் பிளைவுட் வைத்து மூடி, சுவரில் ஒரு சாதாரண ஏசி மாட்டினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வந்து கழுவுகிறார். அந்த ஒரு மணி நேரமும் நான் வீட்டில் இருக்கக்கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. கோயிலுக்குப் போய்விடுவேன்.

போன தை மாதம் நங்கையாவின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தையால் மெஷினை விட்டு நகர முடியாது என்பதால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாக, "இவங்க உங்களுக்கு என்ன வேணுங்க?" என்று மாமியாரைக் கேட்டார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, அந்தக் கரகரத்த குரலில், மாமியார் அறிமுகப்படுத்தினார்: "என்ற மருமவளுங்க. கெமிஸ்ட்ரி டீச்சர். ஒருக்கா என்னையக் கொல்லப் பாத்தா. அதையும் பாதியிலயே உட்டுப்போட்டா."

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்கள். நங்கையா என்னைப் பார்க்க, நான் செந்திலைப் பார்க்க, செந்தில் தரையைப் பார்த்தார்.

மாமியார் கையை நீட்டி, என் தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்தார். ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"சர்க்கரை பத்தல" என்றார். "இன்னொண்ணு கொண்டா கண்ணு."